21 டன் கையுறையின் கார்பன்: ஒரு மருத்துவமனைக் கழிவுக் கணக்கு

லண்டனின் கிரேட் ஆர்மண்ட் ஸ்ட்ரீட் குழந்தைகள் மருத்துவமனையில் 2018ஆம் ஆண்டு செவிலியர்கள் ஓர் இயக்கம் தொடங்கினார்கள். தேவையில்லாத இடத்தில் கையுறை அணியாதீர்கள் என்பதுதான் அதன் செய்தி. மருந்துச் சீசாவைத் தொடுவதற்கும், குழந்தையைத் தூக்குவதற்கும், படுக்கை விரிப்பை மாற்றுவதற்கும்கூடக் கையுறை போட்டுக்கொள்ளும் பழக்கம் ஊறிப்போயிருந்தது. கையுறை இருக்கிறதே என்ற தைரியத்தில் கை கழுவுவது குறைந்தது. ஓயாமல் கையுறைக்குள் வியர்த்துச் செவிலியர்களின் தோலும் புண்ணானது. ஆகவே இயக்கத்தின் முதல் நோக்கம் நோயாளியின் பாதுகாப்பும் செவிலியரின் கையும்தான். ஆனால் ஓராண்டில் 21 டன் பிளாஸ்டிக் மிச்சமானது என்று கணக்கிட்டுச் சொன்னபோது, அது சுற்றுச்சூழல் செய்தியாகவும் ஆகிவிட்டது.

அந்த 21 டன்னும் கழிவாகப் போயிருந்தால் அதன் கார்பன் உமிழ்வு எவ்வளவு இருந்திருக்கும்? நிறுவனங்களின் கார்பன் அறிக்கைகளைப் படிக்கிறவர்கள் இந்தக் கேள்விக்கு ஒரே பதில்தான் உண்டு என்று நினைப்பார்கள். நான் மூன்று விதமாகப் போட்டுப் பார்த்தேன். ஒரு வழியில் அரை டன்னுக்கும் குறைவு. இன்னொன்றில் சுமார் 12 டன். மற்றொன்றில் 22 டன்னுக்கு மேல். மூன்றிலும் பெருக்கல் பிழை இல்லை. பிறகு ஏன் ஐம்பது மடங்கு வேறுபாடு? இந்த ஆய்வு அதைப் பற்றியதுதான்.

முதலில் கணக்கின் சட்டகத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஒரு நிறுவனம் தன் வளாகத்துக்குள் எரிப்பது முதல் வட்டம். வாங்கும் மின்சாரம் இரண்டாவது. அதன் செயலால் பிறர் இடத்தில் நடக்கும் உமிழ்வுகள் எல்லாம் மூன்றாவது. உலகெங்கும் நிறுவனங்கள் பின்பற்றும் பசுங்குடில் வாயு நெறிமுறை 2011இல் இந்த மூன்றாவது வட்டத்தை 15 வகைகளாகப் பிரித்தது. அவற்றில் ஐந்தாவது, செயல்பாட்டில் உண்டாகும் கழிவு. மருத்துவமனையே சொந்தமாக எரியுலை வைத்திருந்தால் அந்தப் புகை முதல் வட்டத்தில் சேரும். லாரியில் ஏற்றி ஒப்பந்ததாரரிடம் கொடுத்துவிட்டால் மூன்றாவதுக்குப் போய்விடும். புகை அதே புகைதான். அறிக்கையில் அதன் இடம் மாறுகிறது. மீத்தேன் முதலிய வாயுக்களையும் கார்பன் டை ஆக்சைடின் அளவுக்கு மாற்றிச் சேர்த்த தொகையை இங்கே 'கார்பன் நிகர்' என்று குறிப்பிடுகிறேன்.

பையின் நிறம்

நம் ஊரில் மஞ்சள் பை என்றதும் கல்யாணத் தாம்பூலம் நினைவுக்கு வரும். 2021 டிசம்பரில் தமிழ்நாடு அரசு 'மீண்டும் மஞ்சப்பை' என்று அழைத்ததும் அந்த நினைவை நம்பித்தான். மருத்துவமனையில் மஞ்சள் பைக்குப் பொருள் வேறு: எரியுலைக்குப் போக வேண்டியது. பிரிட்டனின் அரசு மருத்துவ சேவையான என்ஹெச்எஸ்ஸில் ரசாயனமோ மருந்தோ கலந்த தொற்றுக் கழிவு மஞ்சள் பையில் போய் மிக உயர்ந்த வெப்பத்தில் எரிகிறது. தொற்று இருக்கிறது, ஆனால் ரசாயனம் இல்லை என்றால் ஆரஞ்சுப் பை. அது ஆட்டோகிளேவில் நீராவியால் கிருமி நீக்கப்பட்ட பிறகு அடுத்த கட்டத்துக்குப் போகும். தொற்றில்லாத, ஆனால் அருவருப்பான கழிவு, அதாவது டயப்பர், ஏப்ரன், கையுறை போன்றவை, மஞ்சளில் கறுப்புக் கோடு போட்ட பையில் சேரும். அங்குள்ளவர்கள் அதைப் புலிப் பை என்கிறார்கள். காகிதக் கோப்பையும் உணவுப் பொட்டலமும் வீட்டுக் குப்பைக்கான கறுப்புப் பையில்.

ஒரு செவிலியர் பயன்படுத்திய கையுறையைக் கழற்றிப் போடும்போது இந்த நான்கில் எது கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறதோ அதில்தான் பெரும்பாலும் விழும். நெருக்கடி நேரத்தில் யாரையும் குறை சொல்ல முடியாது. சந்தேகம் வந்தால் 'எதற்கும் இருக்கட்டும்' என்று மேலான பாதுகாப்புள்ள பையில் போடுவதும் இயல்பு. அந்த ஒரு விநாடித் தேர்வுக்குக் கார்பன் விலை என்ன என்பதைத்தான் 2021இல் வெளியான ஓர் ஆய்வு அளந்தது. பிரைட்டன் மற்றும் சசெக்ஸ் மருத்துவக் கல்லூரியைச் சேர்ந்தவர்கள் உள்ளிட்ட ஆய்வாளர்கள், ஒரே என்ஹெச்எஸ் நிர்வாகத்தின் கீழ் வரும் மூன்று மருத்துவமனைகளின் கழிவுப் பாதைகளை ஒவ்வொன்றாகப் பின்தொடர்ந்து, டன்னுக்கு இவ்வளவு என்று எண் கொடுத்தார்கள்.

மறுசுழற்சிக்குப் போனால் டன்னுக்கு 21 முதல் 65 கிலோ கார்பன் நிகர். கறுப்புப் பையும் புலிப் பையும் போகும், ஆற்றலை மீட்கும் குறைந்த வெப்ப எரியுலை என்றால் 172 முதல் 249 கிலோ. அதே எரியுலைக்குப் போகும் முன் ஆட்டோகிளேவில் நுழைந்து வந்தால் 569. உயர் வெப்ப எரியுலை என்றால் 1,074. பைகளை அகற்ற மருத்துவமனை கொடுக்கும் பணமும் ஏறத்தாழ இதே வரிசையில்தான் ஏறுகிறது என்பதையும் அவர்கள் காட்டினார்கள். நிர்வாகிகளிடம் பேசும்போது இந்தக் கடைசிச் செய்திதான் கதவைத் திறக்கும் என்று நினைக்கிறேன்.

பைக்குள் இருக்கும் பொருளைவிட அது போகும் பாதைதான் இந்த எண்களை ஏற்றி இறக்குகிறது. புலிப் பையில் போன கையுறையும் மஞ்சள் பையில் போன கையுறையும் ஒரே பெட்டியிலிருந்து எடுத்தவைதான். ஒன்றின் சுமை மற்றொன்றைவிட நான்கு மடங்குக்கு மேல்.

எரிப்பதில் கார்பன் எங்கிருந்து வருகிறது என்பதையும் சொல்ல வேண்டும். காலநிலை மாற்றத்துக்கான பன்னாட்டுக் குழுவான ஐபிசிசியின் வழிகாட்டியில் உலர்ந்த பிளாஸ்டிக்கின் எடையில் 75 விழுக்காடு கார்பன் என்று வைத்திருக்கிறார்கள். அது முழுக்க முழுக்க நிலத்தடி எண்ணெயிலிருந்து வந்தது. முழுவதும் எரிந்தால் 0.75ஐ, கார்பன் டை ஆக்சைடின் எடைக்கும் அதிலுள்ள கார்பனின் எடைக்கும் உள்ள விகிதமான 44/12ஆல் பெருக்க வேண்டும். ஒரு டன் பிளாஸ்டிக்குக்கு 2.75 டன் கார்பன் டை ஆக்சைடு. பஞ்சு, காகிதம், மரம் ஆகியவற்றின் கார்பன் அண்மையில் செடி உறிஞ்சியது என்பதால் அந்தக் கார்பன் டை ஆக்சைடைத் தனியாகக் காட்டுவார்கள், கூட்டுத்தொகையில் சேர்ப்பதில்லை. மேலே சொன்ன 1,074 போன்ற எண்கள் தனிப் பிளாஸ்டிக்குக்கு அல்ல, பல பொருளும் கலந்த பைக்கானவை. ஆகவே ஒரு பையின் எடை மட்டும் தெரிந்தால் போதாது. அதில் எத்தனை பங்கு பிளாஸ்டிக், எத்தனை பங்கு ஈரம் என்பதும் தெரிய வேண்டும். ஈரமான டயப்பரை எரிக்கும்போது வெப்பத்தின் பெரும்பகுதி அதன் நீரைக் கொதிக்க வைப்பதிலேயே போய்விடுகிறது.

எல்லைக்கோடு

இப்போது அந்த 21 டன் கையுறைக்கு வருகிறேன். எல்லாம் மஞ்சள் பையில் போயிருந்தால் 21ஐ 1,074 கிலோவால் பெருக்க வேண்டும்: 22.6 டன். எல்லாம் ஆரஞ்சில் என்றால் 11.9 டன். உண்மையில் எந்தப் பையில் எவ்வளவு போயிருக்கும் என்பது அந்தந்த வார்டைப் பொறுத்தது. இவை இரு உதாரணங்கள் மட்டுமே. அரை டன்னுக்கும் குறைவான மூன்றாவது விடை எங்கிருந்து வந்தது?

பிரிட்டன் அரசு ஆண்டுதோறும் நிறுவனங்களுக்காக உமிழ்வுக் காரணிகளின், அதாவது எதற்கு எவ்வளவு கார்பன் நிகர் என்று பெருக்க உதவும் எண்களின், பட்டியல் ஒன்றை வெளியிடுகிறது. உலகின் பல நாட்டு நிறுவனங்களும், இந்திய நிறுவனங்கள் சிலவும்கூட, அதையே எடுத்தாளுகின்றன. அதன் 2022 பதிப்பில் வணிகக் கழிவை ஆற்றல் மீட்கும் எரியுலைக்கு அனுப்பினால் டன்னுக்கு ஏறத்தாழ 21 கிலோ. மறுசுழற்சிக்கு அனுப்பினாலும் அதே 21 கிலோ. முதன்முறை பார்ப்பவர் அச்சுப்பிழை என்றே நினைப்பார். பிழை இல்லை. எரியுலையில் பிறக்கும் ஆற்றலை யார் பயன்படுத்துகிறாரோ அந்தப் புகை அவர் கணக்கு. மறுசுழற்சியில் பிறக்கும் பொருளை யார் வாங்குகிறாரோ அந்த உழைப்பின் உமிழ்வு அவர் கணக்கு. கழிவைக் கொடுத்தவருக்கு மிஞ்சுவது ஆலை வாசல் வரையிலான லாரிப் பயணம் மட்டும். பசுங்குடில் வாயு நெறிமுறையின்படி ஒரே புகையை இருவர் எண்ணிவிடக் கூடாது என்பதற்காகப் போட்ட கோடு அது. அந்தக் கோட்டை ஏற்றுக்கொண்டால் 21 டன் கையுறைக்கு 0.44 டன்.

இரட்டை எண்ணிக்கையைத் தவிர்ப்பது நல்ல நோக்கம்தான். ஒரு நாட்டின் மொத்தக் கணக்கைக் கூட்டுகிறவருக்கு அது மிகவும் தேவை. ஆனால் ஒரு வார்டில் எந்தப் பையை எங்கே வைப்பது என்று முடிவெடுக்க வேண்டிய தொற்றுத் தடுப்புச் செவிலியருக்கு அந்த எண்ணால் ஒரு பயனும் இல்லை. எரிப்பதும் மறுசுழற்சி செய்வதும் ஒன்றே என்றுதான் அது சொல்லும். அவருக்கு வேண்டியது ஆலைக்குள் நடப்பதையும் சேர்த்து எண்ணிய எண். அறிக்கைக்கு ஒரு எண், முடிவெடுக்க ஒரு எண் என்று இரண்டையும் வைத்துக்கொள்ளலாம். இரண்டையும் ஒரே அட்டவணையில் எல்லை சொல்லாமல் கலந்து வைப்பதுதான் தவறு. ஓராண்டு அரசுக் காரணி, மறு ஆண்டு ஆய்வுக் காரணி என்று மாற்றினால், ஒரு கையுறையும் குறையாமலேயே உமிழ்வு ஏறியதாகவோ இறங்கியதாகவோ தெரியும். என்னைக் கேட்டால், கழிவு அறிக்கையின் முதல் பக்கத்தில் எண்ணுக்கு முன்னால் எல்லைக்கோடு எழுதப்பட்டிருக்க வேண்டும். அது இல்லாத அறிக்கையை மேற்கொண்டு படிக்கவே கூடாது.

அதே 2022 பட்டியலில் புதைகுழிக்கான வரிகள் இன்னும் விசித்திரமானவை. காகிதத்தைப் புதைத்தால் டன்னுக்கு ஏறத்தாழ 1,042 கிலோ. உணவுக் கழிவுக்கு 627. பிளாஸ்டிக்குக்கு வெறும் 9. காகிதமும் சோறும் காற்றில்லாமல் அழுகி மீத்தேனாக மாறும். பிளாஸ்டிக் அசையாமல் கிடக்கும். அதனால் கார்பன் கணக்கை மட்டும் பார்த்தால் பிளாஸ்டிக்கைப் புதைப்பதே சிறந்த வழி என்று தோன்றும். மாட்டின் வயிற்றிலும் கடலிலும் நுண்துகளாகச் சேர்வதை இந்த அலகு அளப்பதில்லை. கார்பன் ஒரு அளவுகோல். கழிவைப் பற்றிய மொத்தத் தீர்ப்பை அதனிடம் ஒப்படைக்கக் கூடாது.

20, 20, 60

இங்கிலாந்து என்ஹெச்எஸ் 2020 அக்டோபரில் நிகர சுழிய இலக்கை, அதாவது வெளியிடும் உமிழ்வும் நீக்கப்படும் அளவும் சமமாகும் ஆண்டை, அறிவித்தது: தன் நேரடிக் கட்டுப்பாட்டில் உள்ளவற்றுக்கு 2040, மற்றவற்றுக்கு 2045. கழிவு அதில் முதல் பட்டியலில் இருக்கிறது. 2023 மார்ச்சில் வந்த மருத்துவக் கழிவு உத்தியில் ஒரு விகிதம் சொன்னார்கள்: மருத்துவக் கழிவில் 20 விழுக்காடு உயர் வெப்ப எரியுலைக்கு, 20 விழுக்காடு ஆட்டோகிளேவ் போன்ற மாற்றுச் சிகிச்சைக்கு, மீதி 60 புலிப் பைக்கு. அப்போது ஆண்டுக்கு ஏறத்தாழ 1,56,000 டன் கழிவு முதலிரண்டு வழிகளுக்கும் போய்க்கொண்டிருந்தது என்றும் அந்த ஆவணம் சொல்கிறது.

இந்த விகிதம் என்ன செய்யும் என்று பார்க்க, ஆண்டுக்கு 1,000 டன் மருத்துவக் கழிவு உண்டாக்கும் ஒரு கற்பனை மருத்துவமனையை எடுத்துக்கொள்வோம். இன்று 400 டன் மஞ்சள், 400 டன் ஆரஞ்சு, 200 டன் புலி என்று வைத்துக்கொண்டால் 429.6, 227.6, 49.8, மொத்தம் 707 டன் கார்பன் நிகர். புலிப் பைக்கு வரம்பின் உச்ச எண்ணான 249ஐயே போட்டிருக்கிறேன். 20, 20, 60க்கு மாறினால் 214.8, 113.8, 149.4, மொத்தம் 478. ஒரு கிலோ கழிவுகூடக் குறையாமல் 229 டன் இறங்குகிறது, ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு. அரசுக் காரணியை வைத்தால் புலிப் பைப் பகுதி 149.4க்குப் பதில் சுமார் 12.6 என்று வரும். எந்தக் கோடு என்று சொல்லாமல் எவ்வளவு குறைத்தோம் என்று பேசவே முடியாது என்பதற்கு இதைவிட என்ன சான்று வேண்டும்?

எண்ணுக்குப் பின்னால் தராசு இருக்க வேண்டும். பல இடங்களில் ஒப்பந்ததாரர் எத்தனை பை, எத்தனை சக்கரத் தொட்டி என்றுதான் ரசீது போடுவார். ஒரு தொட்டிக்கு இத்தனை கிலோ என்ற சராசரியை வைத்துப் பெருக்கி டன்னாக மாற்றிக்கொள்வார்கள். பாதி நிரம்பிய தொட்டியும் முழுத் தொட்டியாகிவிடும். பயன்படுத்திய ஊசிகளைச் சேர்க்கும் கெட்டிப் பெட்டியை எடை போடும்போது பெட்டியின் எடையும் கழிவாக ஏறும். மருத்துவமனை கழிவைக் குறைத்த ஆண்டில் பைகள் லேசாகுமே தவிர எண்ணிக்கை குறையாமல் போகலாம். அப்போது நல்ல வேலை செய்தவர்களின் உழைப்பு அறிக்கையில் தெரியாது. வெளியேறும் வாசலில் பாதைவாரியான உண்மை எடை இல்லாமல், காரணியில் மூன்று தசம இடம் துல்லியம் பார்ப்பது வீண். அதோடு, லாரி எங்கே போகிறது என்று சீட்டில் எழுதியிருப்பதும் அது உண்மையில் போன இடமும் ஒன்றாக இருக்க வேண்டும். 2018இல் பிரிட்டனில் ஓர் ஒப்பந்ததாரரின் கிடங்குகளில் மருத்துவக் கழிவு அனுமதித்த அளவுக்கு மேல் குவிந்து கிடந்தது வெளியே வந்தது. எரிந்ததாக எண்ணப்பட்ட பை எரியாமலே கிடக்கலாம்.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். கையுறையைத் தயாரித்து, கப்பலில் ஏற்றிக் கொண்டுவந்த கார்பன் மேலே சொன்ன மூன்று விடைகளில் எதிலும் இல்லை. அது மூன்றாவது வட்டத்தின் முதல் வகை, வாங்கிய பொருள்கள். என்ஹெச்எஸ்ஸின் விரிவான கார்பன் கணக்கில் 62 விழுக்காடு கொள்முதல் சங்கிலியில்தான் இருக்கிறது. கையுறையைப் போடாமலே விட்டால் இரு வகையிலும் குறைகிறது. சரியான பையில் போட்டால் ஒன்றில் மட்டும். கிரேட் ஆர்மண்ட் ஸ்ட்ரீட் செவிலியர்கள் செய்தது முதலாவது. அதனால்தான் அவர்கள் வேலையைக் கழிவு என்ற ஒரே தலைப்பின் கீழ் அளந்தால் அதன் பெரிய பாதி மறைந்துவிடும்.

இங்கே வரிசை தலைகீழ்

பிரிட்டனின் இந்த எண்களை அப்படியே எடுத்துக்கொண்டு தமிழ்நாட்டு மருத்துவமனைக்குக் கணக்குப் போடுகிறவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்காகத்தான் இந்தப் பகுதி. இந்தியாவின் 2016 உயிரி மருத்துவக் கழிவு விதிகளில் சிவப்புப் பைக்குப் போகும் குழாய், ஊசிக்குழல், கையுறை போன்ற மாசுபட்ட பிளாஸ்டிக், கிருமி நீக்கித் துண்டாக்கி மறுசுழற்சி போன்ற வழிகளுக்குப் போக வேண்டியது. ஆரஞ்சுப் பையின் 569இல் கடைசிக் கட்டமாக ஓர் எரியுலை இருக்கிறது. நம் சிவப்புப் பைப் பாதையில் விதிப்படி அது கட்டாயமில்லை. ஆகவே அந்த எண் இங்கே அப்படியே பொருந்தாது. மஞ்சள் பை மட்டும் ஓரளவு ஒப்பிடத்தக்கது.

பெரிய வேறுபாடு எந்த ஆபத்துமில்லாத பொதுக் குப்பையில்தான். பிரிட்டன் ஆய்வில் வீட்டுக் குப்பைப் பை சுமையில் கீழ்ப்படியில் இருந்தது, ஏனென்றால் அது ஆற்றல் மீட்கும் எரியுலைக்குப் போகிறது. நம் ஊரில் அது சென்னையின் பெருங்குடி, கொடுங்கையூர் போன்ற குப்பை மேடுகளுக்குப் போனால் என்ன ஆகும்? ஐபிசிசியின் முறைப்படி கையாலேயே போட்டுப் பார்க்கலாம். ஈரத்தோடு உள்ள ஒரு டன் உணவுக் கழிவில் சிதையக்கூடிய கார்பன் 15 விழுக்காடு, 150 கிலோ. அதில் பாதி சிதையும் என்று கொண்டால் 75. ஐந்து மீட்டருக்கு மேல் ஆழமான, பராமரிப்பில்லாத மேட்டில் காற்றில்லாச் சிதைவுக்கு 0.8 என்ற திருத்தம்; 60 கிலோ. வெளிவரும் வாயுவில் பாதி மீத்தேன். 30 கிலோ கார்பன். அதை மீத்தேன் எடையாக்க 16/12ஆல் பெருக்கினால் 40 கிலோ. நூறாண்டுக் கணக்கில் மீத்தேன் கார்பன் டை ஆக்சைடைப் போல் 28 மடங்கு. ஆக 1,120 கிலோ கார்பன் நிகர். உணவு எளிதில் சிதைவது என்பதால் 2019 திருத்தப் பதிப்பு பாதிக்குப் பதில் 0.7 என்கிறது, அப்போது 1,568.

பிரிட்டனின் மிக மோசமான பாதையான உயர் வெப்ப எரியுலைக்கு 1,074 என்று பார்த்தோம். இங்கே மேட்டில் கொட்டப்படும் மிச்சச் சாம்பார் சாதம் அதையும் தாண்டிவிடுகிறது. ஈரமான வெப்ப மண்டலத்தில் உணவு சிதையும் வேகத்துக்கு ஐபிசிசி கொடுக்கும் எண்ணின்படி, அதன் பாதி ஏறத்தாழ 1.7 ஆண்டில் சிதைந்துவிடும். சென்னையின் மழையளவு அந்த வகையில்தான் அடங்குகிறது. இன்று கொட்டியதற்கு வரும் ஆண்டுகளிலும் மீத்தேன் வரும், ஆனால் நிறுவனக் கணக்கில் அது முழுவதும் கொட்டிய ஆண்டிலேயே எழுதப்படும். 2022 ஏப்ரலில் பெருங்குடி மேடு நாள்கணக்கில் எரிந்ததே, அப்படித் தீப்பிடித்தால் இந்தக் கணக்கே வேறாகிவிடும். மீத்தேன் குறைந்து, பிளாஸ்டிக்கின் கார்பனும் கரியும் சுற்றியுள்ளவர்களின் நுரையீரலுக்குப் போகும்.

அதே ஒரு டன் உணவை வளாகத்திலேயே முறையாக உரமாக்கினால், ஐபிசிசியின் காரணிகள்படி 4 கிலோ மீத்தேனும் 0.24 கிலோ நைட்ரஸ் ஆக்சைடும் வரும். முதலாவதை 28ஆலும் இரண்டாவதை 265ஆலும் பெருக்கிக் கூட்டினால் ஏறத்தாழ 176 கிலோ. மேட்டுக்கும் உரக்குழிக்கும் இடையே டன்னுக்கு 900 கிலோவுக்கு மேல் வேறுபாடு. தமிழ்நாட்டு மருத்துவமனை ஒன்று கழிவுக் கார்பனைக் குறைக்க முதல் ரூபாயை எங்கே செலவிட வேண்டும் என்று கேட்டால், சமையலறையில் என்பேன். வார்டில் பை பிரிப்பது தொற்றுக்காகவும் துப்புரவுப் பணியாளரின் விரலில் ஊசி குத்தாமல் இருப்பதற்காகவும் எப்படியும் சரியாக நடந்தாக வேண்டும். கார்பன் அதற்குத் துணைக் காரணம் மட்டுமே.

நம்மிடம் ஒரு நல்ல வசதி ஏற்கெனவே இருக்கிறது. 2016 விதிகள் வெளியே போகும் மருத்துவக் கழிவுப் பைகளுக்குப் பார்கோடு கேட்கின்றன. பாதைவாரி எடைக்கு அதைவிட நல்ல அடித்தளம் கிடையாது. நிறவாரியாக மாதக் கூட்டுத்தொகையை எடுத்துக் காரணியால் பெருக்கினால் மருத்துவக் கழிவுப் பகுதி முடிந்தது. சமையலறை வாளி அந்த விதிகளுக்குள் வருவதில்லை, அதற்குப் பார்கோடும் இல்லை. அது வெளியேறும் வாசலில் ஒரு தராசை வைத்து, வாளியின் வெறும் எடையை முதலில் குறித்துக்கொண்டு, ஒரு வாரம் மூன்று வேளையும் எடை எடுக்க வேண்டும். பண்டிகை நாளும் பார்வையாளர் கூடும் ஞாயிறும் அந்த வாரத்தில் அடங்கினால் நல்லது. லாரி ஓட்டுநரிடம் எங்கே கொட்டுகிறீர்கள் என்று கேட்டு, அதையும் எடைக்குப் பக்கத்தில் எழுதிக்கொள்ள வேண்டும்.